ரமலானுக்குத் தைப்பதும் ரமலானில் தைப்பதும்

துணியின் பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களை எண்ணி, ஒவ்வொரு சிறு சதுரத்தின் மீதும் பெருக்கல் குறி வடிவில் இரண்டு சாய்ந்த தையல்களைப் போட்டு, அத்தகைய சில ஆயிரம் குறிகளின் வழியே ஓர் உருவத்தை எழுப்பும் பூத்தையல் முறைக்குக் குறுக்குத் தையல் என்று பெயர்; தையல் வகுப்புகளில் அது கிராஸ் ஸ்டிச் என்றே வழங்குகிறது. இதற்கு வேண்டிய கருவிகள் மிகக் குறைவு. சதுரம் சதுரமாக நெய்யப்பட்ட துணி ஒன்று (உலகெங்கும் ஐடா என்றும், தமிழ்நாட்டுத் தையல் கடைகளில் மேட்டி துணி என்றும் கேட்டு வாங்கப்படுவது), முனை மழுங்கிய ஊசி, ஆறு இழைகளாகப் பிரித்தெடுக்கக்கூடிய பருத்தி நூல், ஒவ்வொரு கட்டத்துக்கும் நிறம் குறிக்கப்பட்ட வரைபடம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். கருவிகள் இவ்வளவு எளியவையாக இருப்பதால்தான், எதைத் தைப்பது என்ற தேர்வே இக்கலையில் பாதி வேலையாகிவிடுகிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய இதன் வணிகம் பெரிதும் கிறிஸ்துமஸ் பருவத்தைச் சுற்றியே வளர்ந்தது. ஆகவே ரமலான் மாதத்துக்கென்று ஒரு வேலையைத் தேடும் முஸ்லிம் பெண்ணுக்கு முதலில் கிடைப்பவை, அந்த வார்ப்பில் தேவதாரு மரத்தை எடுத்துவிட்டுப் பிறையை ஒட்டிய வடிவங்களே. அவற்றில் தவறு ஏதும் இல்லை; ஆனால் அவை போதுமானவை அல்ல. கட்டங்களை எண்ணி உருவம் சமைக்கும் கலை இஸ்லாமிய நாகரிகத்துக்கு இரவலாக வந்த ஒன்றன்று என்பதும், நோன்பு மாதத்துக்கென்று தனி நேர ஒழுங்கும் தனி மரியாதைகளும் உண்டு என்பதும் நினைவில் இருந்தால், தேர்வு வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

நேரத்திலிருந்து தொடங்குவது

ரமலானுக்கான தையல் வேலைகள் இரண்டு வகைப்படும். ஒன்று, நோன்பு தொடங்குமுன் முடிந்து சுவரிலோ வாசலிலோ, நோன்பு திறக்கும் இஃப்தார் விரிப்பிலோ இடம்பெற வேண்டியது. மற்றொன்று, நோன்பு நாள்களிலேயே கையில் எடுத்து, பெருநாளுக்குள் முடிக்க வேண்டியது. முதல் வகைக்குரிய காலம், இஸ்லாமிய ஆண்டில் ரமலானுக்கு முந்தைய மாதங்களான ரஜபும் ஷஅபானும் ஆகும். பிறை பார்த்த பிறகு ‘ரமலான் முபாரக்’ என்ற வாழ்த்துப் பலகையைத் தைக்கத் தொடங்குபவர் அதை அடுத்த ஆண்டுக்கே தைக்கிறார். பெரிய சுவர்த் துணிகளும், பல நிறங்கள் கொண்ட விளக்கு வடிவங்களும் இந்த முதல் வகைக்கே உரியவை.

இரண்டாம் வகைதான் உண்மையான கணக்கைக் கேட்கிறது. சஹர் எனப்படும் விடியலுக்கு முந்தைய உணவுக்கு எழுந்து, பகலெல்லாம் நோன்பிருந்து, மாலையில் நோன்பு திறந்து, இரவில் தராவீஹ் என்னும் நீண்ட தொழுகையை முடித்துவரும் ஒருவருக்குத் தையலுக்குக் கிடைப்பது, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று கொள்ளலாம். மாதத்தின் கடைசிப் பத்து இரவுகளில் ஒன்றில், அதிலும் ஒற்றைப்படை இரவு ஒன்றில், லைலத்துல் கத்ர் என்னும் மாட்சிமை மிக்க இரவு அமைந்திருப்பதாக நம்பிக்கை இருப்பதால், அந்தப் பத்து இரவுகளும் வணக்கத்துக்கு உரியவை. அப்போது ஊசியைக் கீழே வைத்துவிடும்படி வேலையைத் திட்டமிடுவதே முறை. எஞ்சுவது இருபது நாள். பழகிய கை மணிக்கு நூறு தையல் போடுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 தையல்கள். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் கொண்ட துணியில் 40 கட்ட அகலமும் 50 கட்ட உயரமும் உள்ள வடிவத்தை இடைவெளியின்றி நிரப்பினால் அத்தனையும் தீர்ந்துவிடும். முடிந்த வேலையின் அளவு ஏறக்குறைய 7 செ.மீ.க்கு 9 செ.மீ. மட்டுமே. உள்ளங்கை அளவு என்று அதைச் சொல்லலாம்.

இந்தக் கணக்கைக் கண்டு சோர்வதற்கு மாறாக, வடிவத்தின் இயல்பை மாற்றிக்கொள்ளலாம். கட்டங்களில் நூற்றுக்குப் பதினைந்து மட்டுமே தைக்கப்பட்டு, மற்றவை வெறுந்துணியாக விடப்படும் கோட்டு வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதே 2,000 தையல்களில் 115 கட்டச் சதுரம், அதாவது பக்கத்துக்கு 21 செ.மீ. அளவுள்ள துணி நிறைவு பெறும். முழுவதும் நிரப்பப்பட்ட ஓவியத் தன்மையுள்ள வரைபடங்களை ரஜபுக்கு ஒதுக்கிவிட்டு, நோன்பு நாள்களுக்குக் கோடுகளாலான வடிவக் கணித அமைப்புகளைத் தேர்வதற்கு இதுவே வலுவான காரணம்.

நேரத்தின் அளவைப் போலவே அதன் தன்மையையும் கருத வேண்டும். பிற்பகலின் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட மாலைப் பொழுது நோன்பாளிக்கு மிகவும் நீளமாகத் தோன்றுவது. கைவேலைக்கு ஏற்ற நேரம் அதுவே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த நேரத்தில்தான் பெண்கள் அடுப்படியில் கஞ்சியும் பலகாரமுமாக நிற்கிறார்கள் என்பதை மறந்து கொடுக்கப்படும் ஆலோசனை எவருக்கும் பயன்படாது. வீட்டார் அந்தப் பணியைப் பகிர்ந்துகொள்வது முதல் தேவை. அது நடக்காத வீடுகளில், பத்து நிமிடத்தில் விட்டு எழுந்தாலும் எண்ணிக்கை தவறாத வேலையே தேர்வுக்கு உரியது. நான்கு கட்டம் தைத்து இரண்டு கட்டம் விட்டு மீண்டும் நான்கு என்று ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் கரை வடிவம் அத்தகையது. முப்பது நிறங்களில் நிழலும் ஒளியும் காட்டும் பள்ளிவாசல் ஓவியம் அத்தகையதன்று. இரவில் தைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தங்க நூலும் கருந்துணியும் ரமலானுக்கு மிகவும் பொருந்திய சேர்க்கையாகக் கண்ணைக் கவர்ந்தாலும், விளக்கொளியில் கருந்துணியின் துளைகள் தெரிவதில்லை. மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் துளைகள் ஓரளவு புலப்படும். உலோகப் பளபளப்புள்ள நூல் துணியில் உரசி எளிதில் பிரிந்துவிடும் என்பதால் ஒரு முழத்துக்கு மேல் நீளமாகக் கோக்கக் கூடாது.

கட்டத்துக்குச் சொந்தமான மரபு

எகிப்தில் 1250 முதல் 1517 வரை ஆட்சி செய்த மம்லூக் சுல்தான்களின் காலத்துத் துணித் துண்டுகள் பல, அந்நாட்டின் வறண்ட மண்ணின் தயவால் மக்காமல் தப்பிப் பிழைத்தன. அவற்றுள், தையற்காரர் வடிவங்களைப் பழகிப் பார்ப்பதற்கும் பிற்பாடு பார்த்துத் தைப்பதற்கும் வைத்துக்கொண்ட மாதிரித் துணிகளும் உண்டு. எகிப்தியலாளர் பெர்சி நியூபெரியும் அவர் மனைவி எஸ்ஸியும் திரட்டிய இத்தகைய துணிகளின் பெருந்தொகுப்பு இன்று ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லினன் துணியில் இழைகளை எண்ணி, நீலம், சிவப்பு, கறுப்புப் பட்டு நூல்களால் போடப்பட்ட படிக்கட்டுக் கோடுகளும் விண்மீன்களும் சாய்சதுரங்களும் கொண்ட அத்துண்டுகள், இன்றைய வரைபடத் தாளில் அப்படியே பெயர்த்தெழுதத் தக்கவை. போன வழியே திரும்பி வந்து இடைவெளிகளை நிரப்புவதால் இரு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும் இரட்டை ஓட்டுத் தையல் அவற்றில் நிறையக் காணப்படுகிறது. ஐரோப்பாவில் பிற்காலத்தில் ஓவியர் ஹோல்பைனின் பெயரால் வழங்கிய தையலும் அதே முறையைச் சேர்ந்ததே. ரமலானுக்கு மேசை விரிப்பின் கரை ஒன்றைத் தைக்க விரும்புபவர் தேட வேண்டிய கருவூலம் இது. பிறையும் விண்மீனும் ஒட்டிய ஆயத்த வடிவங்களைவிட, அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நைல் கரையில் ஒரு கை எண்ணித் தைத்த கரைவடிவம் அந்த விரிப்புக்கு மிகுந்த பொருத்தம் உடையது.

எழுத்தைத் தைக்க விரும்புவோருக்கும் இதே போன்ற நல்லூழ் வாய்த்திருக்கிறது. அரபு எழுத்தணிக் கலையில் சதுரக் கூஃபி என்று ஒரு வகை உண்டு. எழுத்தின் தடிப்பும் எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெளியும் ஒரே அளவில், வளைவே இல்லாமல், நேர்க்கோடும் நேர்க்கோணமுமாக அமைவது அதன் இலக்கணம். இது காகிதத்தைவிடச் செங்கல்லில் வளர்ந்த எழுத்து. ஈரானிலும் நடு ஆசியாவிலும் சாதாரணச் செங்கற்களுக்கு நடுவே நிறம் ஏற்றிய செங்கற்களை அடுக்கி, சுவரின் மீதே இறைவனின் பெயரையும் நபியின் பெயரையும் எழுதும் முறை பரவியிருந்தது. ஆப்கானிஸ்தானின் கஸ்னி நகரில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுல்தான் மூன்றாம் மஸ்ஊத் எழுப்பிய கோபுரம் இதன் தொன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. ஒரு செங்கல் இருந்த இடத்தில் ஒரு தையலை வைத்தால் எந்த மாற்றமும் இன்றி அந்த எழுத்து துணிக்கு வந்துவிடுகிறது. இதற்கு எதிர்நிலையில் இருப்பது துலுத் எழுத்து. நீண்டு வளைந்து ஒன்றின் மீது ஒன்று ஏறி நிற்கும் அந்த எழுத்தின் பேரழகைக் கஅபாவின் போர்வையான கிஸ்வாவில் காணலாம். அங்கே அது பட்டின் மீது தங்க, வெள்ளி இழைகளைப் புடைப்பாகப் படியவைத்துத் தைக்கப்படுகிறது. அந்த வளைவுகளை 14 கட்டத் துணியில் குறுக்குத் தையலால் போட்டால் விளிம்பெல்லாம் பல் பல்லாகத் தெரியும். துலுத் தான் வேண்டும் என்பவர் மிக நுண்ணிய துணியை எடுக்க வேண்டும், அல்லது வேறு தையல் முறைக்குப் போக வேண்டும். குறுக்குத் தையலில் அதை வலிந்து தைப்பது எழுத்துக்கும் நியாயம் ஆகாது, தையலுக்கும் நியாயம் ஆகாது.

வடிவக் கணித அமைப்புகளிலும் இந்தப் பொருத்தமும் பொருத்தமின்மையும் உண்டு. ஆனால் வரைபடம் விற்போர் அதைச் சொல்வதில்லை. எட்டு முனை விண்மீன் என்பது ஒரு சதுரத்தின் மீது அதே அளவுள்ள இன்னொரு சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் கிடைப்பது. கட்டத் துணியில் 45 பாகைச் சாய்கோடு கட்டத்துக்குக் கட்டம் ஏறும் படிகளாக இயல்பாக அமைந்துவிடும். சதுரத்தின் பக்கத்தை 10 கட்டமாக வைத்தால், திருப்பிய சதுரத்தின் மூலைவிட்டம் 14 கட்டமாக இருக்க வேண்டும். துல்லியக் கணக்கில் அது 14.14 என்பதால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. ஆறு முனை விண்மீனுக்கு 60 பாகைக் கோடு வேண்டும். நான்கு கட்டம் நகர்ந்தால் ஏழு கட்டம் ஏறுமாறு வரைந்தால் அந்தக் கோணத்துக்கு மிக அருகில் வந்துவிடலாம். ஐந்து முனையும் பத்து முனையும் கொண்ட ஈரானிய அமைப்புகளுக்கு வேண்டிய 36, 72 பாகைகள் சதுரக் கட்டத்தில் எளிதில் அடங்குவதில்லை. முதல் முறையாக ஒரு விண்மீன் அமைப்பைத் தைக்க எண்ணுபவர் எட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

இந்த எட்டு முனை விண்மீனுக்குப் பாலஸ்தீனப் பெண்கள் சூட்டிய பெயர்களில் ஒன்று ‘பெத்லகேமின் நிலா’. தத்ரீஸ் எனப்படும் அவர்களுடைய குறுக்குத் தையல் மரபு, 2021இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோப் என்னும் நீண்ட அங்கியின் மார்புப் பகுதியிலும் பக்கவாட்டிலும் கைகளிலும் சைப்ரஸ் மரம், தாயத்து, பாஷாவின் கூடாரம் போன்ற வடிவங்களை நெருக்கமாகத் தைப்பது வழக்கம். அணிந்திருப்பவர் எந்த வட்டாரத்தவர் என்பதை அவற்றின் சேர்க்கையும் சிவப்பின் சாயலும் அறிந்தவர் கண்ணுக்குக் காட்டிவிடும். பிரான்ஸின் மியூலூஸ் நகரில் 1746இல் தோன்றிய டி.எம்.சி. நிறுவனத்தின் பளபளப்பான பருத்தி நூலும், ஐரோப்பிய வடிவப் புத்தகங்களும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பரவியபோது, பழைய கோண வடிவங்களோடு ரோஜாக்களும் பறவைகளும் வந்து சேர்ந்தன. 1948இல் நூற்றுக்கணக்கான ஊர்கள் வெறுமையாக்கப்பட்டு மக்கள் அகதி முகாம்களுக்குப் போன பிறகு, தன் ஆடைக்காகத் தைத்த கை பிழைப்புக்காகத் தைக்கத் தொடங்கியது. ஊரை இழந்தவர்கள் ஊரின் வடிவத்தைத் துணியில் காத்தார்கள். 1980களின் பிற்பகுதியில் எழுந்த இன்திஃபாதா என்னும் மக்கள் எழுச்சியின்போது, பாறைக் குவிமாடப் பள்ளியும் தடை செய்யப்பட்டிருந்த கொடியின் நிறங்களும் தோப்களில் தைக்கப்பட்டன.

தத்ரீஸ் முஸ்லிம்களின் சமயக் கலை அன்று. பெத்லகேமின் கிறிஸ்தவப் பெண்களும் அதே அளவுக்கு அதன் உரிமையாளர்கள். ஆயினும் பாலஸ்தீனத்தை நெஞ்சில் நிறுத்தித் துஆ என்னும் வேண்டுதல் செய்யும் மாதத்தில், உலகின் பல பகுதிகளில் முஸ்லிம் பெண்கள் அதன் வடிவம் ஒன்றைத் தைக்க விரும்புவது இயல்பானது, போற்றத்தக்கதும்கூட. அதற்கு ஒரு நிபந்தனையை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும்: வடிவத்தை அதன் பெயரோடும் வட்டாரத்தோடும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரை உதிர்த்துவிட்டு ‘ரமலான் பூவேலை’ என்ற பொதுத் தலைப்பில் அதை விற்பதும் பரப்புவதும், இழப்பின் மீது இன்னோர் இழப்பை ஏற்றுவதாகும். கட்டமில்லாத துணியாலான துப்பட்டாவிலோ அங்கியிலோ இதைத் தைக்க விரும்புபவர், துணியின் மீது ஒரு தளர்ந்த வலைத்துணியை இணைத்து, அதன் கட்டங்களை எண்ணித் தைத்து, முடிந்ததும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம்.

பிறை, விளக்கு, பள்ளிவாசல்

ரமலான் வரைபடங்களில் தவறாமல் இடம்பெறும் பிறையே அவற்றில் பெரும்பாலும் தவறாகவும் வரையப்படுகிறது. மாதம் தொடங்குவது, சூரியன் மறைந்த சற்று நேரத்தில் மேற்கு வானில் தோன்றும் முதற்பிறையைக் கொண்டு. அதன் ஒளிரும் விளிம்பு மறைந்த சூரியனை நோக்கியே இருக்கும். ஆகவே இங்கிலாந்து போன்ற வடநாடுகளில் அது வலப்பக்கம் வளைந்தும், தமிழ்நாடு, இலங்கை போன்ற நிலநடுக்கோட்டை அடுத்த இடங்களில் முனைகள் மேல்நோக்கி, ஏறக்குறையக் கிடையாகவும் தெரியும். இடப்பக்கம் வளைந்து நிற்கும் பிறை, வடநாடுகளில் மாத இறுதியில் விடியலுக்கு முன் கிழக்கில் தெரியும் தேய்பிறை. பிறையின் இரு முனைகளுக்கு நடுவே நிலவின் இருண்ட பகுதி இருப்பதால் அந்த இடத்தில் விண்மீன் எதுவும் தெரிய வழியில்லை. பிறைக்குள் விண்மீன் என்ற அமைப்பு உஸ்மானியப் பேரரசின் கொடி வழியாகப் பரவிய சின்னமே தவிர, சமயம் விதித்த அடையாளம் அன்று. முதற்பிறையை மெய்யாகக் காட்ட விரும்புபவர், நடுவில் இரண்டு கட்டமும் முனைகளை நோக்கி ஒரு கட்டமுமாக மெலிந்த வடிவத்தைத் தேர்ந்து, தம் ஊர் வானில் அது எப்படித் தெரியுமோ அப்படியே துணியைத் திருப்பி வைத்துத் தைக்கலாம்.

ஃபானூஸ் எனப்படும் விளக்கு எகிப்திலிருந்து வந்தது. ஃபாத்திமிய கலீஃபா அல்-முயிஸ் ஒரு ரமலான் மாதத்தில் கெய்ரோவுக்குள் நுழைந்தபோது மக்கள் விளக்கேந்தி அவரை எதிர்கொண்டார்கள் என்ற மரபுக் கதையோடு அது இணைக்கப்படுகிறது. கெய்ரோவின் பழைய கடைத்தெருக்களில் தகரத்தை வெட்டி வளைத்து, வண்ணக் கண்ணாடி பொருத்தி அதைச் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தகரச் சட்டத்துக்குள் தட்டையான நிறப்பரப்புகள் என்ற அதன் அமைப்பு குறுக்குத் தையலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒவ்வொரு கண்ணாடியையும் ஒரே நிறத்தால் நிரப்பி, சட்டத்தைக் கருநூலால் பின்தையல் என்னும் மெல்லிய கோட்டுத் தையலாகப் போட்டால் போதும்.

பள்ளிவாசல் உருவங்களைப் பொறுத்தவரை, வெங்காய வடிவக் கும்மட்டமும் இரு பக்கம் ஒல்லியான கோபுரங்களும் கொண்ட, எந்த ஊரையும் சேராத ஓர் உருவமே கடைகளை நிறைத்திருக்கிறது. உண்மையில் பள்ளிவாசல்கள் அந்தந்த மண்ணின் கட்டடக் கலையில் எழுந்தவை. ஜாவாவின் தெமாக் பள்ளிவாசலுக்குக் கும்மட்டம் இல்லை. மூன்று அடுக்காகக் குறுகிச் செல்லும் சாய்கூரையே அதன் முடி. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளி கருங்கல் தூண்களும் போதிகைகளும் கொண்ட திராவிடக் கட்டடம். அடுக்குக் கூரையும் தூண் வரிசையும் நேர்க்கோடுகளாலானவை. வளைந்த கும்மட்டத்தைவிடக் கட்டத் துணி அவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும். தம் ஊர்ப் பள்ளியின் முகப்பை ஒரு நிழற்படத்திலிருந்து கட்டத்தாளுக்கு மாற்றி வரைந்து தைப்பவர் ஒருவர், கடைசியில் வாங்கவே முடியாத ஒரு பொருளைச் செய்திருப்பார்.

மரியாதையின் எல்லைகள்

எதைத் தைப்பது என்பதோடு, தைத்ததை எங்கே வைப்பது என்பதும் தேர்வின் பகுதி. நபித்தோழியரில் முதன்மையானவரும் நபியின் துணைவியாருமான ஆயிஷா அம்மையார் உருவங்கள் உள்ள திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்ததையும், நபி அதை விரும்பாததால் அதை வெட்டித் தலையணைகளாக்கியதையும் ஹதீஸ் என்னும் நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. உயிரினங்களின் உருவம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தைப்பவர் தாம் பின்பற்றும் வழியின்படி நடந்துகொள்வார். ஒட்டகமும் பறவையும் இல்லாமலேயே பேரீச்ச மரம், மாதுளை, விளக்கு, விண்மீன் என்று வடிவங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழுகை விரிப்புக்கு இன்னொரு ஹதீஸ் நேரடியாக வழிகாட்டுகிறது: கோலமிட்ட ஆடை ஒன்றில் தொழுத நபி, அதன் வேலைப்பாடு தம் கவனத்தைத் திருப்பியதாகக் கூறி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேலைப்பாடற்ற ஆடையைக் கேட்டு வாங்கினார்கள். ஆகவே தொழுகை விரிப்பில் கலைத்திறனைக் காட்ட விரும்புபவர் அதை ஓரக்கரையோடு நிறுத்திக்கொண்டு, நெற்றி படும் இடத்தை வெறுமையாக விடுவதே அந்த விரிப்பின் நோக்கத்துக்கு உகந்தது.

இறைவனின் பெயரோ குர்ஆன் வசனமோ உள்ள துணி, காலடியில் விரிக்கவும் மேலே அமரவும் கை துடைக்கவும் பயன்படும் பொருளாக மாறக் கூடாது. சுவரில் மாட்டும் சட்டத்துக்கு வசனம் பொருந்தும். பேரீச்சம்பழத் தட்டை மூடும் துணிக்கு, கறைபட்டுத் துவைக்கப்படும் என்பதால், வடிவமே பொருந்தும். வசனத்தையோ வாழ்த்தையோ தேர்ந்தால் வரைபடத்தை அரபு படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே ஊசியைக் கோக்க வேண்டும். அரபு எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறி ஒன்றோடொன்று இணைவன. அதை அறியாத மென்பொருளில் தயாரான வரைபடங்களில் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாகி நிற்பதைக் காணலாம். ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும். மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும் பிழையை, ஆயிரம் தையல் போட்ட பிறகு அறிவது கொடுமை. தமிழில் வாழ்த்துத் தைப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை; ட, ப, ம, ய ஆகியவை கட்டத்துக்கென்றே பிறந்த எழுத்துகள், ன, ண ஆகியவற்றின் சுழிகள் தெளிவாக விழ எழுத்தின் உயரம் பத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்குக் குறையக் கூடாது.

நோன்பு நாள்களுக்கு ஏற்ற சிறு வேலைகளில், குர்ஆனின் முப்பது பாகங்களையும் நாளுக்கொன்றாக ஓதுவோருக்கான பக்கக்குறி நாடா ஒன்று. குறுகலான நாடாத் துணியில் முப்பது சிறு விண்மீன்களின் கோட்டுருவை முன்பே தைத்துவைத்து, ஒரு பாகம் ஓதி முடித்த அன்று ஒரு விண்மீனின் நடுவை நிரப்பலாம். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுக்கும் சிறு பை இன்னொன்று. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே வடிவத்தை ஐந்து நிறங்களில் தைத்தால் எண்ணிக்கை மனத்தில் படிந்து, மூன்றாவது பையிலிருந்து வரைபடமே தேவைப்படாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய 24 நாள்களை எண்ணும் நாட்காட்டியைப் பார்த்து உருவான ரமலான் நாட்காட்டியும் இன்று விரும்பப்படுகிறது. அதைத் தைப்பவர் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்: பிறை தெரிவதைப் பொறுத்து மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். முப்பதாவது கட்டத்தைப் பிறைக்கென்று வெறுமையாக விட்டு, பெருநாள் அறிவிப்பு வந்த பிறகு தைத்துக்கொள்வது நல்ல தீர்வு. முதல் இருபது நாள் வடிவங்களை நூறு தையல் அளவிலும், கடைசிப் பத்தை இருபது தையலுக்கு மேற்படாத எளிய உருக்களாகவும் அமைத்தால் இரவு வணக்கத்துக்கும் இடையூறு வராது.

வேலை முடிந்ததும் துணியின் ஓரத்தில் தைத்தவரின் பெயரெழுத்தையும் ஆண்டையும் குறிப்பது குறுக்குத் தையலில் நெடுநாள் வழக்கம். ரமலான் துணிகளில் அந்த ஆண்டை இஸ்லாமியச் சந்திர ஆண்டான ஹிஜ்ரிக் கணக்கில் இடுவதே தெளிவானது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறுகியதாகையால் ரமலான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, 2030ஆம் ஆண்டில் இரு முறை வரவிருக்கிறது: ஜனவரித் தொடக்கத்தில் ஒரு முறை, டிசம்பர் இறுதியில் மறுமுறை. 2030 என்று மட்டும் தைத்த துணி எந்த நோன்புக்குரியது என்பது பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது. 1451 என்றோ 1452 என்றோ தைத்தால் விளங்கிவிடும்.